உலர் குப்பையைப் பழைய பொருள் வியாபாரி ஏன் மறுக்கிறார்?

ஓசூரில் உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் உலர் குப்பைக்குத் தனித்தொட்டி வைத்தும், பழைய பொருள் வியாபாரி அதை எடுக்க மறுப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் ஈரம்தான்: குழம்பு ஒட்டிய பார்சல் டப்பாவும் கழுவாத பால் பாக்கெட்டும் ஒரே தொட்டியில் விழும்போது, நல்ல விலைக்குப் போகவேண்டிய அட்டையும் செய்தித்தாளும் எண்ணெயில் ஊறிக் காகித ஆலைக்கு உதவாமல் போகின்றன. ஆகவே காகிதத்துக்கென மழை படாத இடத்தில் தனிச் சாக்கு வையுங்கள். பால் பாக்கெட்டை அலசிக் காயவைத்தே போடச் சொல்லுங்கள். அதன் மூலையை முழுவதும் வெட்டி எறியவும் வேண்டாம், அத்தனை சிறிய துண்டை எவராலும் பொறுக்கிச் சேர்க்க முடியாது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு எனப் பிரித்துக் கொடுப்பதை வீட்டாரின் கடமையாக்கின. அந்த வேலையைத் தூய்மைப் பணியாளர் தலையில் சுமத்தி, உடைந்த கண்ணாடியையும் நாப்கினையும் அவர் கையால் துழாவ வைப்பது நியாயமே அல்ல. அவ்விரண்டையும் காகிதத்தில் சுற்றித் தனித்தனியே கொடுங்கள்.