தாத்தாவின் நாடக நூலைத் தேட யாருக்குப் பணம் தரலாம்?

கேள்வி: என் தாத்தா எழுதிய நாடக நூல் 1936ஆம் ஆண்டு தேவகோட்டையில் அச்சானது. எங்களிடம் பிரதி இல்லை. தலைப்பும் முழுதாகத் தெரியவில்லை. அதில் 'அரிச்சந்திர' என்று வரும் என்கிறார் அம்மா. சென்னை நூலகங்களிலிருந்து எடுத்துத் தர ஒருவர் ரூ.15,000 முன்பணமும், 'உரிமைக் கடிதம்' வாங்கத் தனித் தொகையும் கேட்கிறார். தாத்தா 1951இல் காலமானார். நான் திருவாரூரில் வசிக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உரிமைக் கடிதம் என்பது பணம் பறிப்பதற்காகச் சொல்லப்படும் கதை. நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை நிற்கும். உங்கள் தாத்தா தம் காலத்திலேயே வெளியிட்ட நூலுக்கு அது 2011ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அதைப் படியெடுக்க எவருடைய கடிதமும் தேவையில்லை.

அந்த நபர் கன்னிமாராவில் எல்லா நூலும் இருக்கும் என்று சொல்லியிருப்பார். 1896இல் திறக்கப்பட்ட அந்நூலகம் நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் வந்தது 1954இல். உங்கள் நூல் அதற்குப் பதினெட்டு ஆண்டு மூத்தது. பிந்தைய நூல்களே எல்லாம் அங்கு வந்து சேரவில்லை, ஏனெனில் பிரதி அனுப்பாத பதிப்பாளருக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் ஐம்பது ரூபாய்க்கும் நூலின் விலைக்கும் மேல் போகாது.

ஆகவே தேடலைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலிருந்து தொடங்குங்கள். அதன் அடிப்படைச் சேகரிப்பு கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாருடையது. அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியதன் பயனாக 1994இல் சென்னையில் இந்நூலகம் உருவானது. மற்றவர்கள் குப்பையென்று ஒதுக்கிய நாடகப் புத்தகங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் துண்டறிக்கைகளையும் அவர் தேடித் தேடிச் சேர்த்தவர். தேவகோட்டை அவருடைய ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. அடுத்து, கன்னிமாரா வளாகத்துக்கு இடம்பெயர்ந்த மறைமலையடிகள் நூலகத்தைப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தபடியே காசில்லாமல் பார்த்துவிடலாம்; அங்கே இலவசமாகக் கிடைக்கும் கோப்பை அச்சடித்து 'அரிய பிரதி' என்று விற்பவர்கள் இருப்பதால், யாருக்கும் பணம் கொடுக்குமுன் அதைப் பார்த்துவிடுவதே நல்லது.

தலைப்பை அடித்தவுடன் வரவில்லை என்பதற்காக நூல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 'அரிச்சந்திர' என்றும் 'ஹரிச்சந்திர' என்றும் 'ஹரிச்சந்த்ர' என்றும் தேடுங்கள். அக்காலத் தலைப்புகள் பெரும்பாலும் 'ஸ்ரீ' என்று தொடங்கும், 'விலாசம்' என்றோ 'சரித்திரம்' என்றோ முடியும். உங்கள் தாத்தாவின் பெயர் ஒரு பட்டியலில் தலைப்பெழுத்தின் கீழும், இன்னொன்றில் சாதிப் பட்டத்தின் கீழும் இருக்கக்கூடும். பொது நூலகச் சட்டத்தை 1948இலேயே இயற்றி, வீட்டு வரியோடு நூலக வரியையும் வசூலிக்கும் மாநிலத்தின் தலைநகரில், எல்லா நூலகங்களையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க ஒரு கூட்டுப் பட்டியலை இன்றுவரை உருவாக்க முடியவில்லை என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. தரகர்களின் பிழைப்பு நடப்பதே இந்தக் குழப்பத்தால்தான்.

தலைப்பே உறுதியாகாவிட்டால், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பியுங்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான நூல்களின் பட்டியலை அன்றைய சென்னை அரசு காலாண்டுதோறும் வெளியிட்டது. தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்க அளவு, விலை ஆகியவை அதில் இருக்கும். 1936, 1937 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் பணம் கொடுப்பது நியாயம், அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உங்களால் சென்னைக்கு வர இயலாது, நூல் இருக்குமிடம் உறுதியாகிவிட்டது, தாள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் ஒளிநகல் எடுக்க நூலகம் மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஓர் ஆய்வு மாணவரை அமர்த்தி, அவர் தம் பெயரில் அனுமதி பெற்று, நூலகத்திலேயே உட்கார்ந்து படித்துக் கையால் எழுதி வரச் சொல்லலாம். அதற்கு நாள் கூலியும் பயணச் செலவும் தருவது முறையே. ஆனால் அது அவருடைய உழைப்புக்கான கூலியே தவிர நூலின் விலை ஆகாது. நூலகம் அந்நூலுக்கு இட்டிருக்கும் பதிவெண்ணையும் முகப்புப் பக்கத்தில் உள்ள விவரங்களையும் எழுதித் தந்தபின் முதல் தவணையைக் கொடுங்கள். அந்த எண்ணை நூலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிச் சரிபார்த்தபின் மீதியைக் கொடுங்கள். பதிவெண் தர மறுப்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அசல் நூலையே கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கூடுதல் எச்சரிக்கை தேவை. நூலக முத்திரை உள்ள பக்கத்தைக் கிழித்தெடுத்த நூல் திருட்டு நூலாக இருக்கலாம். தெரிந்தே அதை வாங்கினால் நீங்களும் வழக்கில் சிக்குவீர்கள். நூலகத்துக்குச் செலுத்தும் கட்டணம் எதுவானாலும் நேரடியாகச் செலுத்தி ரசீது பெறுங்கள்.

நூலகங்களுக்கு எழுதும் மின்னஞ்சலில் தாத்தாவின் பெயரை எல்லா வடிவங்களிலும், ஊர், ஆண்டு, அச்சகம் ஆகியவற்றோடு சேர்த்துக் குறிப்பிடுங்கள். அச்சகத்தின் பெயர் அம்மாவுக்கு நினைவிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தலைப்பு தெரியாத நூலை அச்சகத்தின் பெயரை வைத்தே பட்டியலில் கண்டுபிடித்துவிட முடியும்.