ஆறு நாளில் ஐந்து ஆட்டங்களை ஒரு கல்லூரி அணி வென்றது உண்மையா?

உண்மைதான். 1899-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மலைமேல் இருந்த சுவானி என்ற சின்னக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி அது.

வாண்டர்பில்ட் கல்லூரியோடு டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் தகராறு. நல்ல வருமானம் தரும் அந்த ஆட்டம் நின்றுபோனது. பணத்தை ஈடுகட்ட, மாணவ மேலாளர் லூக் லீ ஒரு நீண்ட ரயில் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். எதிராளிகள் எல்லாம் கல்லூரி அணிகள். நவம்பர் 9-இல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12-0, மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்-ஐ 10-0, அடுத்த நாள் நியூ ஆர்லியன்ஸில் துலேனை 23-0. ஞாயிறு ஓய்வு. அப்புறம் எல்எஸ்யூவை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 34-0, மெம்பிஸில் ஓலே மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) 12-0. ஐந்து அணியும் சேர்ந்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை!

அன்றைய விதியையும் சேர்த்துப் பாருங்கள். பந்தை முன்னோக்கி எறிய அனுமதி இல்லை. உடலோடு உடல் மோதித்தான் முன்னேற வேண்டும். தாக்குதல், தடுப்பு இரண்டுக்கும் அதே பதினொரு பேர். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ரயிலில் தூங்கி எழுந்து மறுபடி களமிறங்கினார்கள். எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

அந்தப் பருவத்தில் 12 ஆட்டம், 12 வெற்றி. ஆபர்ன் கல்லூரி அணி மட்டுமே அவர்களுக்கு எதிராகப் புள்ளி எடுத்தது; அதிலும் 11-10 என்று சுவானிதான் தப்பியது. லூக் லீ பிற்பாடு அமெரிக்க செனட்டர் ஆனார்.