ஜப்பானிய இனிப்புகள் நம் நாக்குக்கு ஒத்துவருமா? எதிலிருந்து தொடங்கலாம்?

அடுத்த மாதம் ஒசாகா போவதாகவும், தாம் சைவர் என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கியோட்டோவில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒத்துவரும், ஆனால் உடனே அல்ல.

முதல் ஆறு மாதம் எனக்கு அவை பிடிக்கவே இல்லை. நெய் கிடையாது, பால் கிடையாது, ஏலக்காய் வாசம் கிடையாது. அவித்த பயறும் சர்க்கரையும் அரிசி மாவும்தான் பாதிக் கடையை நிரப்பியிருக்கின்றன. அலுவலகத்தில் கொடுத்ததை லட்டு தின்பதுபோல வாயில் போட்டு விழுங்கிவிட்டு, இதற்கா இத்தனை அழகான பெட்டி என்று நினைத்துக்கொள்வேன். தவறு என்னுடையது. ‘வாகாஷி’ எனப்படும் மரபு இனிப்புகள் தேநீரோடு சேர்ந்து வளர்ந்தவை. தேநீர்ச் சடங்கில் இனிப்பை முதலில் தின்று முடிக்க வேண்டும். பிறகுதான் சர்க்கரை சேர்க்காத மாட்சா, அதாவது பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கிய தேநீர், வரும். நாக்கில் ஒட்டியிருக்கும் தித்திப்பின் மேல் அந்தக் கசப்பு இறங்கும்போது இரண்டுமே வேறொன்றாகிவிடுகின்றன. தனியாகத் தின்றால் பாதிதான் தின்றதாகக் கணக்கு.

தொடங்குவதாக இருந்தால் பயறிலிருந்து தொடங்குங்கள். அசுகி என்ற சிவப்புப் பயறு, நம் பாசிப்பயறுக்கும் உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் நெருங்கிய உறவு. தாவரவியலில் நான்கும் ஒரே பேரினம். அதை வேகவைத்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறினால் அன்கோ. தோலோடு கரகரவென்று இருப்பது ட்சுபுஅன், தோல் நீக்கி மையாக இழைத்தது கோஷிஅன். எது உயர்ந்தது என்று அங்கே குடும்பத்துக்குள்ளேயே சண்டை நடக்கும். நான் ட்சுபுஅன் கட்சி. பாசிப்பயறுப் பூரணக் கொழுக்கட்டை தின்று வளர்ந்தவருக்கு இது அந்நியமாக இருக்க வாய்ப்பில்லை. பசையரிசியை அவித்து இடித்த மோச்சிக்குள் அன்கோ வைத்தால் அது டைஃபுகு. நடுவில் முழு ஸ்ட்ராபெரி வைத்த டைஃபுகு 1980களில் வந்தது. நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று பல கடைகள் சொல்கின்றன. யார் கண்டுபிடித்திருந்தாலும் சரி, கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் மென்று தின்னுங்கள். புத்தாண்டு நாட்களில் மோச்சி தொண்டையில் சிக்கி முதியவர்கள் இறக்கும் செய்தி அங்கே ஆண்டுதோறும் வரும்.

இலை விஷயத்தில் நான் பட்ட அவமானம் உங்களுக்கு வேண்டாம். வசந்தத்தில் வரும் சகுராமோச்சியைச் சுற்றியிருக்கும் செர்ரி இலை உப்பில் ஊறியது, அதைத் தின்னலாம். அந்தத் தைரியத்தில், மே 5 சிறுவர் தினத்துக்கு வந்த காஷிவாமோச்சியையும் இலையோடு கடித்துவிட்டேன். அது ஓக் இலை. செருப்புத்தோல் போல இருந்தது. புதுத் தளிர் வரும்வரை பழைய இலை உதிராத மரம் என்பதால் வம்சம் தொடர வேண்டும் என்று அதில் சுற்றுகிறார்கள் என்று பக்கத்து மேசைக்காரர் விளக்கினார், சிரிப்பை அடக்கிக்கொண்டே. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு. கியோட்டோவில் ஜூன் 30 அன்று மினாசுகி தின்பார்கள்: வெள்ளை மாவுப் பலகையின் மேல் அசுகி பரப்பி முக்கோணமாக வெட்டியது. அந்தக் காலத்தில் கோடையில் பனிக்கட்டி சாமானியருக்கு எட்டாது. அதன் சில்லைப் போன்ற வடிவத்தைத் தின்று ஆறுதல் அடைந்தார்கள்.

சைவம் பற்றி. ‘யோகான்’ என்ற பெயரை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் ஆட்டிறைச்சிக் குழம்பு என்று வரும், பயந்துவிடாதீர்கள். சீனத்திலிருந்து வந்த அந்தக் குழம்பை இறைச்சி உண்ணாத ஜென் துறவிகள் பயறு கொண்டு மாற்றினார்கள், காலப்போக்கில் அது இனிப்பாகிவிட்டது. இன்று அன்கோவைக் கான்டென் சேர்த்து உறையவைத்த கட்டிதான் யோகான். கான்டென் வேறொன்றுமில்லை, நோன்புக் காலத்தில் நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் காய்ச்சுகிற கடற்பாசியின் ஜப்பானிய உறவினர். எச்சரிக்கை வேண்டியது நவீன இனிப்புகளிடம்தான்: புட்டிங், மூஸ், ஜெல்லி ஆகியவற்றில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். போர்த்துக்கீசியர் வழி நாகசாகிக்கு வந்த காஸ்டெரா கேக்கும், கார்ட்டூன் பூனை டோரேமான் உயிரையே விடும் அளவுக்கு விரும்பும், அன்கோ வைத்த அப்பமான டோராயாகியும் முட்டை இல்லாமல் இல்லை. மோச்சிக்குள் ஐஸ்கிரீம் வைத்த ‘யுகிமி டைஃபுகு’ 1981இல் வந்தது. குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு மோச்சிக்கும் நஷ்டம், ஐஸ்கிரீமுக்கும் நஷ்டம் என்றுதான் தோன்றுகிறது.

ஒசாகாவிலிருந்து கியோட்டோ ரயிலில் அரை மணி நேரம்தான். போனால் கியோன் பகுதியில் 1617 முதல் இருக்கும் காமேயா கியோனாகா கடையில் ‘செய்ஜோ கான்கிதான்’ கேளுங்கள். பணமுடிப்புப் போல வாய் சுருக்கிக் கட்டிய மாவுக்குள், சந்தனம் முதலான நறுமணப் பொருட்கள் கலந்த பயற்றுப் பூரணம், நல்லெண்ணெயில் பொரித்தது. எட்டாம் நூற்றாண்டின் நாரா காலத்தில், தாங் வம்சம் ஆண்ட சீனத்துக்குப் போன தூதர்கள் வழி வந்த இனிப்பு வகை. படைக்கப்படுவது கான்கிதென் என்ற தெய்வத்துக்கு. யானைத் தலை கொண்டவர், பௌத்தத்தோடு ஜப்பான் வரை நடந்துபோன நம் விநாயகர். மோதகத்தையும் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்!

ஓடு கடினமாக இருக்கும், லேசாகச் சுடவைத்துத் தின்னுங்கள். விடுமுறைக்கு வந்தபோது நான்கு வாங்கி வந்தேன். கதையைக் கேட்ட அம்மா முதலில் ஒன்றைப் பிள்ளையார் படத்தின் முன் வைத்தார். பிறகு இன்னொன்றை உடைத்து மெதுவாக மென்றுவிட்டு, “பூரணம் பரவாயில்லை, தேங்காய் போட மறந்துவிட்டார்கள்” என்றார்.