பேட்டரி நிறைந்ததும் மாடிக் காற்றாலை தறிகெட்டுச் சுற்றினால்

சென்னை பெசன்ட் நகர் மாடியில் வைத்த காற்றாலை, பேட்டரி நிறைந்ததும் தறிகெட்டுச் சுற்றுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், இறக்கை சுற்றும்போது பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். மின்சாரத்தை இழுக்கும் சுமை போனால் காந்த ஜெனரேட்டரைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. வேகமும் வோல்டேஜும் சேர்ந்தே எகிறும்.

பேட்டரி நிறைந்த பிறகுதான் வேகம் கூடுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் உபரி மின்சாரத்தை எரிக்கும் டம்ப் லோடு ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். பெசன்ட் நகர் உப்புக் காற்றுக்கு டெர்மினல் பச்சை பூத்துப்போவதும் சகஜம்.

காற்று அடங்கியதும் பிரேக் சுவிட்சைப் போடுங்கள் (ஜெனரேட்டரின் மூன்று பேஸ் ஒயர்களும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி இறக்கையைப் பிடித்துவைக்கும்). பேட்டரி ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆறிய ரெசிஸ்டரைத் தனியே கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். உங்கள் 24 வோல்ட், 1 கிலோவாட் செட்டுக்கு 0.8 ஓம் அளவில் காட்டவேண்டும். 'ஓஎல்' (OL) என்று வந்தால் அறுந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றுங்கள்.

பலத்த காற்றில் பிரேக் போட்டால் நிற்காது, ஜெனரேட்டரின் கம்பிச்சுருள்தான் கருகும். 2016 வர்தா மாதிரிப் புயலென்றால் முந்தின நாளே கம்பத்தைச் சாய்த்துக் கட்டிவிடுங்கள்.