மூங்கில் பிரஷ் வாங்கினால் பணம் மிச்சமாகுமா?

கேள்வி: மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். கணவரின் சம்பளம் 52,000 ரூபாய். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் சேர்ந்ததிலிருந்து வீட்டையே பசுமையாக மாற்ற வேண்டும் என்கிறாள். எனக்கும் ஆசைதான். மூன்று மாதத்தில் மூங்கில் டூத்பிரஷ், கண்ணாடி ஜாடிகள், எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மாதவிடாய் கப், கம்போஸ்ட் பானை என்று 11,400 ரூபாய் செலவாகிவிட்டது. 'இதெல்லாம் பணக்காரங்க பொழுதுபோக்கு' என்கிறார் கணவர். ஏசி ஓடும் மாதங்களில் கரண்ட் பில் 570 யூனிட் வரை வருகிறது. மற்ற சமயம் 400-க்குள். அவருடைய ஆறு வருட பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு, கடனில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா என்றும் ஒரு யோசனை. தினமும் 15 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார். இதனால் பணம் மிச்சமாகுமா? - வாசகி, மதுரை.

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கடையில் 'ஈகோ' என்று எழுதி விற்கும் பொருள் பெரும்பாலும் பணக்காரப் பொருள்தான். பணம் மிச்சமாகும் மாற்றத்துக்கு அப்படி ஒரு லேபிளே இருக்காது. நீங்கள் இதுவரை கைவைத்தது முதல் வகையில். கரண்ட் மீட்டர் பக்கம் இன்னும் போகவே இல்லை. அங்கேதான் உங்கள் பணம் இருக்கிறது.

570 யூனிட் என்று எழுதியதைப் பார்த்ததும் கால்குலேட்டரை எடுத்தேன். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது தெரிந்திருக்கும். 500 யூனிட்டில் ஒரு குழி இருப்பது பலருக்குத் தெரியாது. 2024 ஜூலை கட்டணப்படி, 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. ஒரே ஒரு யூனிட் 500-ஐத் தாண்டினாலும் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். 500-க்கு மேல் போகும் யூனிட்டுக்கு 8.40. ஆக 570 யூனிட்டுக்கு நீங்கள் கட்டுவது சுமார் 2,628 ரூபாய். அதுவே 477 யூனிட் என்றால் 1,660. யூனிட் குறைவது 93தான், பணம் குறைவது 968.

477 என்று ஏன் எடுத்தேன் என்றால், உங்கள் வீட்டில் அது முடியக்கூடிய எண். ஏசியை எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பல வீடுகளைப் போல 22 என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 26-இல் வைத்து மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால், இரவுக்கு 4 யூனிட் இழுக்கும் ஏசியில் இரண்டு மாதத்துக்கு 55 யூனிட்டாவது குறையும். இதற்குச் செலவு பூஜ்யம். மாமியாருக்குக் குளிராமலும் இருக்கும்.

அடுத்து ஹால் ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் வரை எடுக்கும். பிஎல்டிசி என்ற, கரண்ட் கம்மியாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் வாக்கில். ஹாலில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 38 யூனிட் வித்தியாசம். விலை 3,000 ரூபாய் வாக்கில். ஏசி ஓடும் மூன்று பில்லில் ஏசி மாற்றமும் ஃபேனும் சேர்ந்து 968 ரூபாய் வீதம். மற்ற மூன்று பில்லில் ஃபேன் மட்டும் 178 வீதம். கூட்டினால் வருடத்துக்கு 3,400-க்கு மேல். ஒரே வருடத்தில் ஃபேன் விலை திரும்பிவிடுகிறது. எந்த டெபாசிட்டும் இப்படித் தராது. வாடகை வீடானாலும் கவலையில்லை, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஃபேன் மாட்டும் எலெக்ட்ரீஷியனிடம் பழைய ரெகுலேட்டரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்; இதற்கு ரிமோட்தான். வீட்டிலுள்ள எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். கம்மியாக ஓடும் அறையில் போட்ட பணம் திரும்ப நாளாகும்.

இந்தக் கணக்கெல்லாம் உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால்தான். வீட்டு உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று ஒரே விலையாக வாங்குகிறார் என்றால் 500 குழி உங்களுக்கு இல்லை. குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அந்த விலைதான் லாபம்.

இனி அந்த 11,400. கப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதுதான் இந்தப் பட்டியலில் நல்ல முதலீடு. 400 ரூபாய்க்கு வாங்கியது சில வருடம் வரும். நாப்கினுக்கு மாதம் 120 ரூபாய் போகிறது என்றால் நாலே மாதத்தில் விலை திரும்பிவிடும். (மகளை அவசரப்படுத்த வேண்டாம், அவளுக்குத் துணி நாப்கினும் இருக்கிறது.) டிபன் பாக்ஸ் பரவாயில்லை, பிள்ளைகள் தொலைக்காத வரை. கண்ணாடி ஜாடி வாங்கியதுதான் எனக்குப் புரியவில்லை. நம் வீடுகளில் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்பு போட்டு வைத்த தலைமுறை இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது, மாமியாரைக் கேளுங்கள். மூங்கில் பிரஷின் கைப்பிடி மக்கும்; அதன் நார் பெரும்பாலும் நைலான்தான். ஐந்து பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வாங்கினால் சாதா பிரஷைவிட வருடத்துக்கு 1,000 ரூபாயாவது கூடுதல். ஆசைக்கு வாங்குங்கள், சிக்கனம் என்று எழுதாதீர்கள். கம்போஸ்ட் பானை வாங்கியாயிற்று, போகட்டும். ஓட்டை போட்ட இரண்டு பழைய பெயின்ட் வாளியே போதுமாயிருந்தது.

அப்புறம், ஸ்கூட்டர். இப்போது வேண்டாம். மாதம் 450 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 10 லிட்டர், ஆயிரம் ரூபாய். எலெக்ட்ரிக் வண்டிக்கு 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட் என்று வைத்தால் மாதம் 14 யூனிட். செலவு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 900 ரூபாய் மிச்சம் என்று விற்பவர் சொல்வார், அது பொய்யில்லை. ஆனால் 80,000 ரூபாய்க் கடனை 11 சதவீத வட்டியில் மூன்று வருடத்தில் அடைக்க மாதத் தவணை 2,600 ரூபாய். 900-ஐ மிச்சம் பிடிக்க 2,600 கட்டுவீர்களா? எலெக்ட்ரிக் வண்டிக் கடன் வட்டிக்கு இருந்த 80இஇபி வருமான வரிச் சலுகையும் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களோடு நின்றுவிட்டது.

இன்னொன்று. அந்த 14 யூனிட் இரண்டு மாதத்துக்கு 28. கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த 477-ஓடு சேர்த்தால் 505. குழிக்குள் மறுபடி கால். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 505-க்கு 2,082; கடைசி 5 யூனிட்டின் விலை 277 ரூபாய். அப்போது இரண்டாவது ஃபேனையும் மாற்றிவிட்டுத்தான் வண்டி வாங்க வேண்டும். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவராக இருந்தால் என் பதில் வேறு. நன்றாக ஓடும் வண்டியை அது ஓடும் வரை ஓட்டுவதும் பசுமைதான். புது வண்டி செய்வதற்கும் இரும்பு, பிளாஸ்டிக், பேட்டரி எல்லாம் வேண்டும்.

மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்பதுதான் பல வீடுகளில் தெரிவதில்லை. கரண்ட் பில்லில் குறைவதையும், இனி வாங்காமல் விடும் ஜாடி, பிரஷ் காசையும் சேர்த்தால் மாதம் 500 ரூபாய் தேறும். மகளின் பெயரிலேயே தபால் நிலையத்தில் ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள். பத்து வயது முடிந்த பிள்ளை தானே கணக்குத் தொடங்கலாம். 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் சுமார் 35,700 ரூபாய் ஆகும். அதற்குள் உங்கள் ஸ்கூட்டர் ஓய்ந்திருக்கும், இந்தப் பணம் எலெக்ட்ரிக் வண்டிக்கு முன்பணம்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யும் திட்டங்களுக்குக் கடன் தர வங்கிகள் வாங்கும் பசுமை டெபாசிட்டும் இப்போது இருக்கிறது. 'பசுமை' என்ற பெயருக்காகக் கூடுதல் வட்டி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கு இப்போது அவசியமில்லை.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ரீடிங் எடுக்க ஆள் வந்துபோன மறுநாளிலிருந்து ஞாயிறுதோறும் மீட்டர் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் அவளே எழுதட்டும். 500-ஐ 60 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல், வாரத்துக்கு 58. ஒரு வாரம் 65 வந்தால் அடுத்த வாரம் ஏசி ரிமோட் அவள் கையில் இருக்கட்டும்.