படுக்கையில் இருப்பவரை நர்ஸ் ஏன் தூக்கத்திலும் திருப்பிப் படுக்க வைக்கிறார்?

சேலத்தில் அப்பா அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்திருப்பவர்களுக்கு வரும் கேள்வி இது. காரணம் படுக்கைப் புண். ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்திருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அங்கே சதை செத்துப்போகும். தண்ணீர் போகும் ஹோஸ் மேல் லாரிச் சக்கரம் ஏறி நின்றால் அந்தப் பக்கச் செடி வாடுமே, அப்படி.

நாம் தூக்கத்தில் தானாகப் புரளுகிறோம். பக்கவாதம் வந்து படுத்தவரால் அது முடியாது. அதனால் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும், நர்ஸ் வந்து பக்கம் மாற்றுகிறார். அப்படியே முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் எங்காவது சிவந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும். ஏற்காட்டுக் குளிரில் போர்வையை விலக்கவே மனம் வராது, ஆனாலும் பார்த்தாக வேண்டும்.

தோல் உரசாமல் தூக்கித் திருப்ப பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். என்னைக் கேட்டால் அறையின் அழகைவிட அதுதான் முக்கியம்.

அப்புறம், காற்று மெத்தை வாங்கிவிட்டால் திருப்ப வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, பக்கம் மாற்றுவதை நிறுத்தக் கூடாது.