பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போனால் வண்டியையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஓவர்ஹால் செய்தால் போதும். அதாவது கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து, தேய்ந்ததை மட்டும் மாற்றி மறுபடி பூட்டுவது.

ஆட்டோமேட்டிக்கில் எண்ணெயின் அழுத்தம்தான் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. வருடக்கணக்கான சூட்டில் எண்ணெய் கெட்டு, ரப்பர் சீல்கள் விறைத்துப்போனால் அழுத்தம் கசியும், தட்டுகள் வழுக்கித் தேயும். ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் இரையும், வண்டி வேகம் எடுக்காது. பல்சக்கரங்களும் வெளிக்கூடும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கேஸ்கெட் போனால் குக்கரில் ஆவி நிற்காது. அதற்காகக் குக்கரையா தூக்கிப் போடுகிறோம்?

1990களின் 80 வரிசை லேண்ட் குரூசர் போல உறுதியான சேஸி (அடிச்சட்டம்) உள்ள வண்டிக்கு இந்தச் செலவு நிச்சயம் தகும். கூலிதான் அதிகம், ஏனென்றால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் கழற்ற வேண்டும். இறக்கும்போதே, என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரையும் மாற்றி, எண்ணெய்க் கூலரைக் கழுவச் சொல்லுங்கள். தட்டுகள் தேய்ந்த பழைய தூள் அங்கே தங்கி, புது வேலையைக் கெடுத்துவிடும். ஆனால் முதலில் சேஸியைப் பாருங்கள். துரு தின்றிருந்தால் என் பதில் மாறும்.

புது எண்ணெய் ஊற்றினாலே வழுக்கல் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எரிந்து தேய்ந்த தட்டை எந்த எண்ணெயும் சரிசெய்யாது.